கிளி அட்டிகை வழக்கு

கேளுங்கள். மிளகு மாட்டின் முதுகில் ஏறி மலையிலிருந்து இறங்கி வந்த காலம் அது. ராஜா தானே உட்கார்ந்து வழக்குக் கேட்ட காலம். அவர் தீர்த்த வழக்கெல்லாம் நன்றாகத் தீர்ந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழக்கு. அதைச் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் பொதிமேடு என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் மருதப்பன் என்று ஒரு மிளகு வணிகன். அவன் மனைவி உலகம்மை. அவர்களுக்கு இரண்டு ஆண், ஒரு பெண். மூத்தவன் ஆவுடையப்பன், இளையவன் குற்றாலன். நடுவில் பிறந்தவள் குழலி. அவள் ஒரு காத தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

உலகம்மையின் கழுத்தில் ஓர் அட்டிகை இருந்தது. சிவப்புக் கல் பதித்தது. நடுவில் ஒரு கிளிப் பதக்கம். அது மருதப்பன் வாங்கிக் கொடுத்ததல்ல. உலகம்மை தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அந்தத் தாய்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மகளுக்கு வளைகாப்பு நடக்கிற அன்று, தாய் தன் கழுத்திலிருந்து அந்த அட்டிகையைக் கழற்றி மகள் கழுத்தில் பூட்டுவாள். அப்படித்தான் அது உலகம்மைக்கு வந்தது. அவளுடைய தாய்க்கும் அப்படித்தான் வந்தது.

குழலி சின்னவளாக இருந்தபோது அம்மா மடியில் படுத்துக்கொண்டு அந்தக் கிளியின் மூக்கைத் தடவுவாள்.

“எனக்கு எப்பம்மா தருவே?”

“உனக்கு வளைகாப்பு வரட்டும்.”

இந்தப் பேச்சு அந்த வீட்டில் நூறு தடவை நடந்திருக்கும். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் காதில் அது நிற்கவில்லை. நகைப் பேச்சு பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

குழலிக்கு நாலாம் மாதம் நடக்கும்போது மருதப்பன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பதினாறாம் நாள் உறவுப் பெண்கள் கூடினார்கள். அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கணவன் போனால் மனைவி கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்றியதோடு நிறுத்தாமல், மருதப்பனின் அக்காள் அட்டிகைக்கும் கை போட்டாள். கொக்கி இறுகிக் கிடந்தது. அவளுக்கு அழுகை ஒரு பக்கம், அவசரம் ஒரு பக்கம். பிடித்து இழுத்தாள். கொக்கி பிய்ந்தது. கிளியின் வால் வளைந்தது. மூன்று கல் தெறித்து எங்கேயோ ஓடியது. உலகம்மையின் கழுத்தில் ஒரு கீறல் விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

கழற்றியதையெல்லாம் ஒரு தாம்பாளத்தில் வைத்து மூத்த மகன் கையில் கொடுத்தார்கள். அவனும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் வீட்டைப் பெருக்கியது யார்? உலகம்மைதான். நெல்குதிருக்குக் கீழே ஒன்று, கதவிடுக்கில் ஒன்று, அம்மிக்குப் பக்கத்தில் ஒன்று என்று மூன்று கல்லும் அவள் கைக்குக் கிடைத்தன. முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளைகள் கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தாள்.

பிள்ளைகள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

“இதைப் பழையபடியே செப்பம் செய்யணும்” என்றான் ஆவுடையப்பன். “கொக்கியை ஒட்டி, வாலை நிமித்தி, கல்லைப் பதிச்சு, முன்னே எப்படி இருந்துச்சோ அப்படியே வைக்கணும். அப்பா காலத்துப் பொருள். அதுல கை வைக்கிறது குடும்பத்து மானத்துல கை வைக்கிற மாதிரி.”

“பிஞ்சது பிஞ்சதுதான்” என்றான் குற்றாலன். “உருக்கி ரெண்டு சங்கிலி பண்ணுவோம். உனக்கொண்ணு, எனக்கொண்ணு. ரெண்டு வீட்டுலயும் அப்பா பேரு இருக்கும்லா?”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொல்லையே அதுதான். ஒருத்தன் அயோக்கியனாக இருந்திருந்தால் வழக்கு ஒரு நாளில் முடிந்திருக்கும். இரண்டு நல்ல பிள்ளைகள் மோதிக்கொண்டால் யார் விலக்குவது?

சரி, பெரியவர்களைக் கேட்போம் என்று தீர்மானித்தார்கள்.

முதலில் தட்டாசாரி வந்தார். அவருக்கு இலை போட்டார்கள். அவர் மிளகுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டு, நகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டும் செய்யலாம். பழையபடி செய்யணும்னா இதே சாதியில மூணு கல் வேணும். அது இந்தப் பக்கத்துல கிடைக்காது” என்றார். உடனே அண்ணனும் தம்பியும் அந்தக் கல்லை எங்கே போய்த் தேடுவது என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

உலகம்மை மோர்ச் செம்போடு வாசற்படியில் வந்து நின்றாள். கல் மூன்றும் அவள் முந்தானையில் இருந்தன. வாயைத் திறந்தாள்.

“அம்மா, ஆசாரியாருக்கு மோர் ஊத்து” என்றான் ஆவுடையப்பன்.

ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதம் வணிகர் தலைவர் வந்தார். அவருக்கும் இலை போட்டார்கள். அவர் கூட்டாஞ்சோறு சாப்பிட்டு, துவையலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, “மூத்தவன் சொல்லுதான், அதுபடி செய்ங்க. மரபுன்னு ஒண்ணு இருக்கு” என்றார். மரபு என்ன என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சமையலறைப் பக்கம் கை காட்டியிருக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது.

உலகம்மை கதவோரம் வந்து நின்றாள். “ஐயா, அந்த நகை…” என்று தொடங்கினாள்.

“நீங்க துக்கத்துல இருக்கீங்க தாயி. இதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்கிடுவாங்க. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்கிடாதீங்க” என்றார் தலைவர். நல்ல மனுஷர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அவள் உள்ளே போனாள்.

மூன்றாவது மாதம் கோயில் குருக்கள் வந்தார். அவர் சாப்பிடவில்லை, வாழைப்பழமும் பாலும் எடுத்துக்கொண்டார். “துக்க வீட்டில் அறுந்த நகை. அதை அப்படியே வைத்திருப்பது ஆகாது. உருக்கித் தீயில் சுத்தி செய்து புதிதாகப் பண்ணுங்கள்” என்றார். குற்றாலனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

உலகம்மை இந்தத் தடவை கதவைத் தாண்டியே வந்துவிட்டாள்.

“அம்மா, அடுப்புல என்னமோ தீயுத வாசம் வருது பாரு” என்றான் குற்றாலன்.

ஒன்றும் தீயவில்லை. ஆனாலும் அவள் போய்ப் பார்த்தாள்.

அன்றோடு அவள் வாசற்படிக்கு வருவதை நிறுத்தினாள். அவளுக்குள்ளும் ஒரு வீம்பு இருந்தது, அதை மறைப்பானேன்? “என் வயித்துல பிறந்தவங்க. என்னைக் கேக்காமலா போயிருவாங்க? கேட்டா சொல்லுவேன். கேக்காதவங்ககிட்ட போய்ச் சொல்லி நிக்க நான் என்ன கூலிக்கு வந்தவளா?” என்று அடுப்போடு பேசிக்கொண்டாள். அடுப்பு என்ன சொல்லும்? எரிந்தது.

ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. குழலிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்புக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்துச் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தது. கைம்பெண் தன் கையால் பூட்டக் கூடாது, அந்தப் பந்தலுக்குள்ளேயே போகக் கூடாது என்பது உலகம்மைக்குத் தெரியும். அதற்கும் அவள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். மூத்த மருமகள் கையில் அட்டிகையைக் கொடுத்தனுப்பினால் ஆயிற்று. அதற்கு முதலில் அட்டிகை வேண்டும். குழலிக்குச் சீர் கொண்டு போகிற நேரத்திலாவது பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும் என்று வியாழக்கிழமை சாயங்காலம் வரை காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மருமகள் வளையல் மூட்டையோடும் பலகாரக் கூடையோடும் தனியாக வண்டி ஏறினாள். அண்ணனும் தம்பியும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வேறு பக்கம் புறப்பட்டார்கள். பெரியவர்களாலும் தீராத வழக்கை இரண்டு பேரும் ராஜாவிடம் கொண்டு போயிருந்தார்கள்; அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார் என்று கோட்டையிலிருந்து சொல்லி வந்திருந்ததாம். அட்டிகை மூத்தவன் மடியில் இருந்தது.

உலகம்மை இரண்டு பேருக்கும் பழையதும் சுண்டவைத்த குழம்பும் போட்டு அனுப்பினாள்.

ராஜா வயதானவர். எதிரில் நிற்பவன் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துப் பொய் சொன்னவர்கள் மாட்டிக்கொண்டதுண்டு. ஆவுடையப்பன் மரபைப் பற்றிப் பேசினான். குற்றாலன் பங்கைப் பற்றிப் பேசினான். ராஜா கண்ணைத் திறந்து அட்டிகையை வாங்கி, ஒரு பட்டுத் துணிக்குள் வைத்து மூடினார்.

“பரம்பரை நகை என்கிறீர்கள். பிறந்தது முதல் பார்த்திருப்பீர்கள். மூன்று கேள்வி கேட்கிறேன். சரியாகச் சொல்கிறவன் விருப்பப்படி செய்துவிடலாம்” என்றார்.

இரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள்.

“கிளியின் அலகில் என்ன இருக்கிறது?”

“பழம்” என்றான் மூத்தவன். “பூ” என்றான் இளையவன்.

“விழுந்த மூன்று கல்லும் எங்கே?”

“தொலைஞ்சு போச்சு மகாராஜா” என்றார்கள் இரண்டு பேரும். இதில் மட்டும் ஒற்றுமை.

“இந்த நகை உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?”

“எங்க தாத்தா சேர நாட்டிலிருந்து கொண்டு வந்தார்” என்றான் மூத்தவன். “எங்க அப்பா கல்யாணத்துக்குச் செஞ்சு போட்டார்” என்றான் இளையவன்.

ராஜா துணியை விலக்கிப் பார்த்தார். கிளியின் அலகில் பழமும் இல்லை, பூவும் இல்லை. ஒரு நெற்கதிர் இருந்தது.

“இதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் யார்?”

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்க அம்மாவுக்குத் தெரியும்” என்றான் ஆவுடையப்பன்.

ராஜா தலையை ஆட்டினார். அவர் முகத்தில் இரக்கம்கூட வந்தது. “பாவம். அந்த அம்மாள் இறந்து எத்தனை நாளாயிற்று?”

 அண்ணன் தரையைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான்.

“கேட்டது காதில் விழவில்லையா? உங்கள் தாய் இறந்து எத்தனை நாள்?”

“சாகலை, மகாராஜா” என்றான் குற்றாலன். “வீட்டுல இருக்காங்க. காலையில எங்களுக்குச் சோறு போட்டாங்க.”

ராஜா அட்டிகையை மறுபடி துணிக்குள் வைத்து மூடினார். பிறகு, ஆள் அனுப்பி உலகம்மையைக் கூட்டி வரச் சொன்னார்.

அவள் வந்து சேர உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருந்தாள். ராஜா அவளிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்டார்.

“நெல்லுக்கதிர்” என்றாள் முதல் கேள்விக்கு.

இரண்டாவது கேள்விக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மூன்று மாதமாக நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. மூன்று சிவப்புக் கல்லையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். எந்தக் கல்லுக்காக நாலு ஊருக்கு ஆள் அனுப்பினார்களோ அந்தக் கல்.

“எங்க அம்மை எனக்குப் பூட்டினது. நான் என் மகளுக்குப் பூட்டணும்னு இருந்தேன்” என்றாள் மூன்றாவதற்கு.

ராஜா அட்டிகையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “தாயே, இவர்களுக்கு என்ன தண்டனை கொடுக்கட்டும்?”

“தண்டனை ஒண்ணும் வேண்டாம் ராசா. இன்னைக்குத்தான் என் மகளுக்கு வளைகாப்பு. காலையிலயே நேரம். ஒரு வண்டி மட்டும் குடுங்க, ஓடிப்போய் ஒரு எட்டு பாத்துருதேன்.”

ராஜாவின் காளைகள் நல்ல காளைகள். ஆனால் நேரம் அவற்றைவிட நல்ல காளை. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வண்டி குழலி வீட்டு வாசலில் போய் நின்றது.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலெல்லாம் மிதிபட்ட பூ. உலகம்மை முன்வாசலில் ஏறவில்லை. கைம்பெண் என்று கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போனாள். குழலி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வளையல். கழுத்தில் தாலி மட்டும் இருந்தது.

உலகம்மை அட்டிகையை நீட்டினாள். மூன்று கல்லையும் நீட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்: ஆசாரி வந்தது, தலைவர் வந்தது, குருக்கள் வந்தது, ராஜா கேட்டது எல்லாம். தீர்ப்பு தன் பக்கம் வந்ததைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

குழலி கையை நீட்டவில்லை.

“காலையில நான் போட்டுக்கிட்டு உக்காந்தது பக்கத்து வீட்டு மதினி நகைம்மா. எங்க அத்தை இரவல் கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. வளையல் போட வந்த ஒவ்வொருத்தியும் கேட்டா, உங்க அம்மை வீட்டுக் கிளி அட்டிகை எங்கேன்னு. நான்தான் சின்னதுல இருந்து ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேனே. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு பொய் சொன்னேன்.”

“அண்ணன்தம்பி ரெண்டு பேரும்…”

“அவங்களை விடும்மா. அவங்களுக்கு என்னைக்கு எது தெரிஞ்சுது? உனக்குத் தெரியும்லா? மூணு மாசமா கல்லை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தியே, வாயையும் சேத்தா முடிஞ்சு வச்சிருந்தே?”

 கேட்டால் சொல்லுவேன் என்று அடுப்பிடம் சொன்னது உலகம்மைக்கு ஞாபகம் வந்தது. அதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

“இப்ப போட்டுக்கோம்மா” என்றாள்.

“வளைகாப்பு முடிஞ்சு போச்சும்மா. இரவல் நகையைக் கழட்டித் திருப்பிக் குடுத்தாச்சு. இப்ப இதைப் போட்டுக்கிட்டு யார் முன்னால உக்காரச் சொல்லுதே?” குழலி எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தாள். “சாப்பிட்டியா? உள்ள வா. சோறு போடுதேன்.”

சோறு போட்டாள். நெய் ஊற்றினாள். பாய் விரித்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி அத்தனையும் செய்தாள். பெற்றவளுக்கு அதைவிட வேறென்ன வலி வேண்டும்?

மறுநாள் உலகம்மை பொதிமேட்டுக்குத் திரும்பி வந்தாள். வாசலில் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். தட்டாசாரியையும் கூட்டி வைத்திருந்தார்கள். அவர் உமி அடுப்பையும் ஊதுகுழலையும்கூடக் கொண்டு வந்துவிட்டார். ராஜ சபையில் தலைகுனிந்த பிள்ளைகள் இரவெல்லாம் யோசித்து, இனி அம்மா சொல்கிறபடியே செய்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள் என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே.

“அம்மா,” என்றான் ஆவுடையப்பன், கையைக் கட்டிக்கொண்டு, “இதைப் பழையபடி செய்யட்டுமா, உருக்கிப் புதுசா செய்யட்டுமா? நீ என்ன சொன்னாலும் சரி.”

“அக்காளுக்குத்தான்னாலும் சரிம்மா. நானே கொண்டு போய்க் குடுக்கேன்” என்றான் குற்றாலன். அவன் கண் கலங்கியிருந்தது.

மூன்று மாதமாக அவள் எதிர்பார்த்திருந்த கேள்வி அது. அதைக் கேட்டுவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவை பரிமாறும்போதும் முகத்தைப் பார்த்தாளே, அதே கேள்வி. உலகம்மை மடியிலிருந்து அட்டிகையையும் மூன்று கல்லையும் எடுத்து ஆசாரியின் தட்டில் போட்டாள்.

“வியாழக்கிழமை வரைக்கும் அது நகையா இருந்துச்சுலே. இப்ப அது வெறும் பொன்னு. என்ன செஞ்சாலும் ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆசாரி பெரியவன் முகத்தைப் பார்த்தார், சின்னவன் முகத்தைப் பார்த்தார். “என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். மூன்று மாதம் ஓயாமல் பேசிய இரண்டு வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

கதை அவ்வளவுதான். நீதி வேண்டும் என்பவர்கள் இதை எடுத்துக்கொண்டு போங்கள்: உடையவர் உயிரோடு இருக்கும்போது அவரைக் கேளாமல் அவர் பொருளுக்குச் செய்யும் முடிவு, எத்தனை நல்ல முடிவானாலும், திருட்டுத்தான்.